சிவராத்திரி விழிப்பும் கஞ்சாவின் லயமும்

மகா சிவராத்திரி கண்விழிக்கும் இரவு. மும்பையில் மாதுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல நான்கு கால பூஜையும் ருத்ர ஜபமுமாக அதனைக் கழிக்கின்றன. அதே இரவில், அதே நகரில், பாங் கலந்த தண்டாயைச் சிவப் பிரசாதமாக அருந்துவோரும் உண்டு. இதைக் காணும் தாராவி இளைஞன் ஒருவன், 'சிவபெருமானுக்கு உகந்தது எனக்கு மட்டும் ஏன் ஆகாது? தியானத்தில் கிட்டாத அமைதி கஞ்சாவில் உடனே கிட்டுகிறதே!' என்று கேட்கக்கூடும். 'பாவம்' என்ற ஒரு சொல்லால் அவன் வாயை அடைப்பது பதிலாகாது. (ஆலகாலத்தை உண்டவரும் அப்பெருமானே, அதை யாரும் பிரசாதமாகக் கேட்பதில்லை!)

கஞ்சாவின் மயக்கும் பொருளான டி.எச்.சி.யின் அமைப்பை 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் யெஹியேல் கவோனியும் கண்டறிந்தனர். மூளையில் அது பற்றும் ஏற்பிகள் 1988-இல் அறியப்பட்டன. ஒரு செடிக்காகவா மூளை ஏற்பிகளை வைத்திருக்கும்? அவற்றுக்கென உடலே உண்டாக்கும் பொருள் ஒன்று 1992-இல் அகப்பட்டது. 'ஆனந்தம்' என்ற வடசொல்லைக் கொண்டே மெஷூலமின் குழுவினர் அதற்கு 'ஆனந்தமைடு' எனப் பெயரிட்டனர்.

நரம்பணுக்களுக்கிடையே செய்தி மிகும்போது, பெறும் அணு இத்தகைய பொருள்களைத் திருப்பியனுப்பி, 'போதும்' என்கிறது. வேலை முடிந்ததும் உடல் அவற்றை விரைவில் சிதைத்துவிடுகிறது. டி.எச்.சி.யோ மூளை முழுவதும் பரவி, மணிக்கணக்கில் 'போதும், போதும்' என்று கூறிக்கொண்டே இருக்கிறது. நினைவு நழுவுகிறது, காலம் நீள்வதாகத் தோன்றுகிறது. தூக்கம் விரைந்து வருகிறது. ஆனால் கனவு மிகுந்த உறக்கநிலை குறைகிறது. நாள்தோறும் பயன்படுத்தினால் ஏற்பிகள் குறைந்து, பழைய அளவு போதாமற் போகிறது.

செடிக்கு ஆற்றல் இல்லை என்று நம் முன்னோர் கூறவில்லை. மூலிகையாலும் சித்திகள் உண்டாகலாம் என்பதைக் கைவல்ய பாதத்தின் தொடக்கத்திலேயே பதஞ்சலி ஒப்புக்கொள்கிறார். ஆயினும் சித்தி வேறு, கைவல்யம் வேறு. சதானந்தரின் 'வேதாந்தசாரம்' நிர்விகல்ப சமாதிக்கு லயம், விட்சேபம், கஷாயம், ரசாஸ்வாதம் என்னும் நான்கு தடைகளைக் காட்டுகிறது. மனம் பிரம்மத்தைப் பற்றாமல் உறக்கத்தில் அமிழ்வது லயம். வழியில் கிடைக்கும் இன்பத்தைச் சுவைத்து அங்கேயே தங்கிவிடுவது ரசாஸ்வாதம். கஞ்சா தருபவை இவ்விரண்டுமே. இரண்டும் அமைதிபோலவே தோன்றுவதால்தான் ஆபத்து. ஜபமாலையுடன் அமர்ந்து கண்ணயர்பவரும் லயத்தில் விழுந்தவரே. அந்த இளைஞனைக் கண்டு முகம்சுளிக்கும் உரிமை அவருக்கு இல்லை.

அவன் அதை விட முயலும்போதுதான் உண்மையான சோதனை வருகிறது. ஓரிரு நாள்களிலேயே உறக்கம் கெடுகிறது, எரிச்சல் மூள்கிறது, அடங்கிக் கிடந்த கனவுகள் பெருக்கெடுத்துத் திரும்புகின்றன. 'இது இல்லாமல் என்னால் உறங்க முடியாது' என்று அவன் முடிவுகட்டிவிடுகிறான். அது அவனுடைய இயல்பு அன்று. பழக்கம் விலகுவதன் விளைவு. சுமார் நான்கு வாரம் விலகியிருந்தால் ஏற்பிகள் பெரும்பாலும் பழைய நிலைக்கு மீள்கின்றன. இதனை வீட்டார் அறிந்திருந்தால், அந்த இரவுகளில் அவனைக் கடிந்துகொள்ளாமல் உடன் விழித்திருப்பார்கள். தேவையெனில் மருத்துவரிடமும் அழைத்துச் செல்வார்கள். தாராவிக்கு அருகில், சயான் மாநகராட்சி மருத்துவமனையிலேயே மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது.