நூற்கருத்துரையாடல்

அரனோ அரியோ பெரியர் எனச் சங்கனும் பதுமனும் வாதிட, இருவரும் ஓருருவாய்த் தோன்றினர் என்னும் தலபுராணக் கதையைச் சங்கரன்கோயிலார் யாவரும் அறிவர். கருத்து மோதுமிடத்தே தெளிவு பிறத்தல் நூற்கல்விக்கும் ஒக்கும்.

இதற்கு அண்மைச் சான்று திருநெல்வேலி 'வட்டத்தொட்டி'யாம். இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரவர்கள் (1882-1954) வண்ணாரப்பேட்டையில் தம் இல்லத்து முற்றத்தே அன்பர்களைக் கூட்டிக் கவிதைகளைப் படித்துச் சுவைத்தனர். முற்றத்தின் பெயரே அவைக்கும் ஆயிற்று. கம்பராமாயணத்திற் சுவை குன்றிய செய்யுட்கள் பல இடைச்செருகல் என்பது அவர்கள் துணிபு. அவற்றை நீக்கிப் பதிப்பும் செய்தனர். சுவை ஒன்றே அளவையாகுமோ, ஏட்டுச்சான்று வேண்டாவோ எனப் புலவர் பலர் மறுத்தனர்.

யாம் கருதுவது இது: செய்யுளின் நயம் காணச் சுவையுணர்வு போதும், இயற்றியவர் இன்னார் எனத் துணிய ஏட்டுச்சான்று இன்றியமையாதது. ஆயினும், முதலியாரவர்கள் தம் கருத்தை அவையறியக் கூறியதனாலன்றோ மறுப்பும் எழுந்தது? உள்ளத்துள் ஒளித்த கருத்தை யாவரே திருத்த வல்லார்?

ஆதலின், மாணவ நண்பர்களே, திங்கட்கு ஒருமுறை கூடுவோமாக. படிக்கும் நூல், அதிற் பிடித்த பகுதி, பிடித்ததன் காரணம் ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் உரைப்போமாக. 'நன்று' என்றாரை 'எதனால்?' என வினவுவோமாக; மறுப்பாரையும் அமைந்து கேட்போமாக.