பிள்ளைக்கான பணம்: உத்தரவு வாங்கினால் மட்டும் போதுமா?



குழுக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "வீட்டுக்காரர் விட்டுட்டுப் போயிட்டார். பிள்ளைங்களுக்கு ஒரு பைசா தர்றதில்லை. கோர்ட்டுக்குப் போனா செலவாகுமேன்னு பயமா இருக்கு." உத்தரவு வாங்கிய தோழிகளோ, "பேப்பர் பெட்டியில இருக்கு, பணம்தான் வரலை" என்கிறார்கள். இந்த இரண்டு பேருக்கும் வழி உண்டு. அதுதான் இந்த மாதப் பாடம்.

இது யாருடைய பணம்?

பராமரிப்புத் தொகையை ஜீவனாம்சம் என்றும் சொல்கிறோம். இது கணவன் மனமிரங்கிக் கொடுப்பது அல்ல. பிள்ளையின் உரிமை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவு என்று சொன்னோம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) அது 144-வது பிரிவு. பழைய பிரிவில் வாங்கிய உத்தரவும் செல்லும்.

முறைப்படி திருமணம் நடக்காமல் பிறந்த பிள்ளைக்கும் இந்த உரிமை உண்டு. 18 வயது முடிந்தாலும், உடல் அல்லது மனக் குறைபாட்டால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கும் உண்டு. "அவள் என்னோடு வாழ மாட்டேன் என்கிறாள், அதனால் பிள்ளைக்கும் தர மாட்டேன்" என்று தகப்பன் சொல்ல முடியாது. அம்மாவின் வழக்கு வேறு, பிள்ளையின் உரிமை வேறு.

எவ்வளவு கேட்கலாம்? முன்பு மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று ஒரு வரம்பு இருந்தது. 2001-ல் அதை எடுத்துவிட்டார்கள். தகப்பன் வருமானத்தையும் பிள்ளையின் தேவையையும் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும்.

பாதுகாப்பு அலுவலர் என்ன செய்வார்?

2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் உள்ளது. அடித்தால்தான் வன்முறை என்பதில்லை. வீட்டுச் செலவுக்கும் பிள்ளைச் செலவுக்கும் பணம் தராமல் தவிக்கவிடுவதும் வன்முறைதான். இதைப் பொருளாதார வன்முறை என்கிறது சட்டம்.

இதற்காகவே மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் வேலை என்ன?

1. நாம் சொல்வதைக் கேட்டு, நடந்ததை அறிக்கையாக எழுதி நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புவார்.
2. பராமரிப்புத் தொகை கேட்டு மனுப் போட உதவுவார்.
3. வக்கீல் வைக்க இலவச சட்ட உதவிக்கு ஏற்பாடு செய்வார்.
4. அடிபட்டிருந்தால் மருத்துவ உதவிக்கும், தங்க இடம் இல்லையென்றால் விடுதிக்கும் வழி செய்வார்.
5. நீதிமன்ற உத்தரவு நடைமுறைக்கு வர உதவுவார்.

இதற்கு அவருக்குப் பணம் எதுவும் தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு அலுவலர் கையில் பல குடும்பங்களின் வழக்கு இருக்கும். நாம் காகிதம் இல்லாமல் போய் நின்றால் அவராலும் வேகமாகச் செய்ய முடியாது.

வன்முறை இல்லை, பராமரிப்பு மட்டும்தான் வேண்டும் என்றால், தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு நேராகப் போகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். நாம் இப்போது குடியிருக்கும் ஊருக்கான நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். புருஷன் ஊருக்கு அலைய வேண்டாம்.

கையில் என்ன இருக்க வேண்டும்?

* பிள்ளையின் பிறப்புச் சான்று
* திருமணப் பத்திரிகை, போட்டோ, குடும்ப அட்டை – இருப்பதில் எதுவும்
* பள்ளிக் கட்டண ரசீது, மருந்துச் சீட்டு
* அவர் என்ன வேலை, எங்கே வேலை, நிலம், வண்டி, கடை என்ற விவரம்
* நம் வங்கிக் கணக்குப் புத்தகம்

வருமானத்தை மறைக்கிறாரே என்று கவலையா? 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இரண்டு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காகும் என்றும் சொன்னது. வழக்கு முடியும்வரை பட்டினி கிடக்கவும் வேண்டாம். இடைக்காலத் தொகை கேளுங்கள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் கூடுமானவரை அதை முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம்.

உத்தரவுக்குப் பிறகுதான் நம் வேலை

தோழிகளே, இதைக் கவனமாகப் படியுங்கள். 144-ன்படி பாக்கியை வாரண்ட் மூலம் வசூலிக்க, அது தர வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 3,000 ரூபாய் உத்தரவு. 18 மாதம் தரவில்லை. "இன்னிக்குத் தருவார், நாளைக்குத் தருவார்" என்று இருந்துவிட்டு 18 மாதம் கழித்து மனுப் போட்டால், கடைசி 12 மாதத்துக்கு 36,000 கேட்கலாம். முதல் 6 மாதத்தின் 18,000 ரூபாய் இந்த வழியில் கிடைக்காது. பிள்ளையின் ஒரு வருடப் படிப்புச் செலவு அதில் போய்விடும்!

இதற்கு என்ன வழி? நமக்குத்தான் கணக்கு எழுதத் தெரியுமே! குழுவில் யார் எந்தத் தேதியில் தவணை கட்டினார், யார் பாக்கி என்று ஒரு ரூபாய் பிசகாமல் எழுதுகிறோம். அதே போல ஒரு நோட்டு போடுங்கள்: மாதம், வர வேண்டிய தொகை, வந்தது, வந்த தேதி, பாக்கி. தொகை வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். கையில் கொடுத்தேன், பொங்கலுக்குத் துணி எடுத்தேன் என்ற பேச்சுக்கு அப்போது இடம் இருக்காது. மூன்று மாதம் பாக்கி விழுந்தால் உடனே வக்கீலைப் பாருங்கள்.

வேண்டுமென்றே தராதவருக்கு, ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம்வரை சிறை உண்டு. சிறைக்குப் போனாலும் பாக்கி தீராது என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் உத்தரவு வாங்கியிருந்தால், அவர் தராதபோது சம்பளத்தில் பிடித்து நேராக நம்மிடம் தரும்படி முதலாளிக்கே நடுவர் உத்தரவு போடலாம். பிள்ளை வளர்ந்து செலவு கூடினால் தொகையைக் கூட்டிக் கேட்கவும் வழி உண்டு.

ஒரு எச்சரிக்கை

ஊர்ப் பேச்சில், "இனி பிள்ளைக்குப் பணம் கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளையின் உரிமையை அம்மா விட்டுக்கொடுக்க முடியாது. சமரசம் நல்லதுதான். ஆனால் அதை மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள். அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

குறித்து வையுங்கள்: பெண்கள் உதவி எண் 181. குழந்தைகள் உதவி எண் 1098. இலவச சட்ட உதவி 15100.

குழுவில் பேசுவோம்

1. நம் குழுவில் பிள்ளைக்கு உத்தரவு வாங்கியும் பணம் வராதவர்கள் யார்? கடைசியாக எந்த மாதம் வந்தது?
2. அந்தத் தோழிக்கு பாக்கி நோட்டு எழுதித் தர யார் முன்வருகிறோம்?
3. வாய்தா அன்று கூடப் போகவும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் யார் வருகிறோம்?

பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பார்ப்போம்.