எள்ளும் தண்ணீரும்: உயிர் பிரிந்த உடலுக்கு என்ன ஆகிறது?

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு அமாவாசையன்று சென்றவர்களுக்குத் தெரியும். முதல் நாள் இரவே வந்து தங்கி, விடிந்ததும் ஹிருத்தாபநாசினி தீர்த்தக் கரையில் முன்னோர்களுக்குத் தர்ப்பணம் செய்ய எத்தனை கூட்டம்! சாலிஹோத்ர முனிவருக்கு அருள் புரிந்த இந்தப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றும் திருநாமம். வெல்லம் கரைவதுபோல நோயும் கரைய வேண்டும் என்று குளத்தில் வெல்லத்தைப் போடுகிறார்கள். அதே கரையில்தான், இனி நோயே வர முடியாதவர்களுக்காக எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள்.

பஞ்சபூதங்களால் ஆன உடல் பஞ்சபூதங்களிலேயே கலக்கிறது என்று எத்தனையோ உபந்நியாசங்களில் கேட்டிருக்கிறோம். எப்படிக் கலக்கிறது? யாராவது கேட்டால், ‘அமங்கலப் பேச்சு எதற்கு?’ என்று வாயை அடைத்துவிடுவோம். ஆனால், ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால் முதல் சில மணி நேரம் அந்த உடலின் பக்கத்திலேயே இருப்பது யார்? பெரும்பாலும் நீங்கள்தான். குளிப்பாட்டுவது, புடவை மாற்றுவது, தலைமாட்டில் விளக்கேற்றுவது எல்லாம் உங்கள் கைதான். அப்போது கண்ணில் படுவதைப் புரிந்துகொள்ளாமல் பயந்து, அந்தப் பயத்தை வருடக்கணக்கில் மனதில் சுமக்கிற சகோதரிகள் பலர். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் போவது காற்று, அதாவது மூச்சு. அடுத்து நெருப்பு, அதாவது சூடு. உடல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுப்புறத்தின் வெப்பநிலைக்கு இறங்குகிறது. நம் ஊர் வெயிலில் இது மெதுவாகத்தான் நடக்கும். ‘நாலு மணி நேரம் கழித்தும் உடம்பு சுட்டதே, அவசரப்பட்டுவிட்டோமோ’ என்று மறுகாதீர்கள். மருத்துவர் பார்த்து உறுதி செய்துவிட்டால் அந்தச் சூட்டுக்கு வேறு அர்த்தம் இல்லை.

ரத்த ஓட்டம் நின்றதும், தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல ரத்தம் உடலின் கீழ்ப்பக்கம் இறங்கித் தேங்கும். மல்லாக்கப் படுக்க வைத்திருந்தால் முதுகில் ஊதா நிறமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். குளிப்பாட்டும்போது இதைப் பார்த்துவிட்டு, ‘யாரோ அடித்திருக்கிறார்கள்’ என்று மருமகள் மீது பழி போட்ட குடும்பங்களும் உண்டு. சாதாரணமாக எல்லா உடலிலும் வருவதுதான் இது. உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் அதைத் தீர்க்க வேண்டியவர் மருத்துவர். கூடத்தில் கூடியிருக்கும் உறவினர்கள் அல்ல.

ஒன்றிரண்டு மணி நேரத்தில் விறைப்பு ஆரம்பிக்கும். முதலில் கண் இமை, தாடை, கழுத்து, அப்புறம் கை, கால். தசை இறுகுவதற்கு மட்டும்தான் சக்தி தேவை என்று நினைக்கிறோம். தளர்வதற்கும் வேண்டும்! மூச்சு நின்ற பிறகு அந்தச் சக்தி உற்பத்தியாவதில்லை. ஆகவே தசைகள் பூட்டிக்கொள்கின்றன. பாட்டிமார்கள் உடனே தாடையைச் சேர்த்துத் தலையோடு துணியால் கட்டி, கால் கட்டை விரல்களையும் சேர்த்துக் கட்டினார்களே, ஏன் என்று இப்போது புரிகிறதா? தளர்ந்திருக்கும்போதே கட்டினால்தான் முகம் சாந்தமாக இருக்கும். இமைகளையும் அப்போதே மூடிவிட வேண்டும். பிறகு எத்தனை முயன்றாலும் மூடாது. நம் கோடைக்காலத்தில் ஒன்று, ஒன்றரை நாளில் இந்த விறைப்பு தானாகவே தளர்ந்துவிடும்.

இமை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கண்தானம் செய்வதாக இருந்தால் 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கண்களை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி வையுங்கள். வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பும்போதே கண் வங்கிக்கும் தகவல் சொல்லிவிடலாம். கருவிழி எடுப்பதால் முகம் விகாரமாகாது.

உடலைப் புரட்டும்போது சில சமயம் ‘ஹா...’ என்று முனகல் போல ஒரு சத்தம் வரும். உள்ளே தங்கியிருந்த காற்று தொண்டை வழியாக வெளியேறும் சத்தம் அது. நகமும் முடியும் வளர்ந்துவிட்டதாகச் சொல்வார்கள். அவை வளர்வதில்லை. நீர் வற்றித் தோல் சுருங்குவதால் நீண்டாற்போலத் தெரிகிறது.

இனி சொல்லப் போவதுதான் மனதுக்குக் கஷ்டமானது. நாம் உயிரோடு இருக்கும்வரை நம் குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கட்டுப்பாட்டில் வாழ்கின்றன. உயிர் போனதும் கட்டுப்படுத்த ஆள் இல்லை. அடிவயிற்றின் வலப்பக்கத்தில் பச்சை நிறம் முதலில் தெரியும். கோடையில் 12 முதல் 18 மணி நேரத்திலேயே இது தொடங்கிவிடும். பிறகு வாயு சேர்ந்து வயிறு உப்பும், மூக்கிலும் வாயிலும் நீர் கசியும், வாடை வரும். ஊதுவத்தியும் சாம்பிராணியும் அந்த வாடைக்கு ஒரு திரை.

‘புண்ணியம் செய்தவர் முகம் பளிச்சென்று இருந்தது, இவர் உடம்பு சீக்கிரம் கெட்டுவிட்டது, என்ன பாவமோ’ என்று துக்க வீட்டிலேயே பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். கடுமையான காய்ச்சலிலோ, ரத்தத்தில் கிருமி கலந்தோ இறந்தால் உடல் வேகமாகக் கெடும். உடல் பருமனாக இருந்தாலும், அறை புழுக்கமாக இருந்தாலும் அப்படித்தான். ஒல்லியானவர் மார்கழியில் போனால் தாமதமாகும். தன் தாயாரின் உடலைப் பார்த்துக் கலங்கி நிற்கும் பெண்ணிடம் பாவக்கணக்கு சொல்வதைவிடப் பெரிய பாவம் என்ன இருக்க முடியும்!

வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரும்வரை ஐஸ் பெட்டியில் வைப்பது இப்போது சகஜமாகிவிட்டது. குளிர் இந்த மாற்றங்களைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. எடுத்த பிறகு நேரம் கடத்தக் கூடாது. தெருவில் சடலம் இருந்தால் எடுக்கும்வரை கோயில் நடை திறப்பதில்லை என்ற வழக்கம் பல ஊர்களில் உண்டு. சீக்கிரம் எடுக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அதிலேயே இருக்கிறது.

இதே மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை இருக்கிறது. ஒடிசா, பீகார் என்று எங்கெங்கிருந்தோ வந்து உலைகளின் அருகில் உழைப்பவர்கள். அப்படி ஒருவர் இங்கே இறந்தால், விமானத்தில் ஊருக்கு அனுப்ப உடலைப் பதப்படுத்திச் சான்றிதழ் பெற வேண்டும். ரத்தக் குழாய் வழியாக ஃபார்மலின் கலந்த திரவத்தைச் செலுத்துவார்கள். அது நுண்ணுயிர்களைக் கொன்று தசையை இறுக்கும். எங்கோ காத்திருக்கும் ஒரு தாய் மகன் முகத்தைப் பார்க்க அந்த மருந்துதான் வழி. தர்ப்பணத்தில் நாதியற்றவர்களுக்கும் தண்ணீர் விடுகிறோமே, அப்போது இவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தகனத்தில் நீர் ஆவியாகிறது, தசை புகையாகிறது. மிஞ்சுவது மண். பெரியவர் ஒருவரின் அஸ்தி ஏறக்குறைய 2 முதல் 3 கிலோ இருக்கும். பெரும்பகுதி எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்துதான். புதைத்தாலும் மண் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் இருக்கும் அதிரம்பாக்கத்தில் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய கற்கருவிகள் கிடைத்தன. அவற்றைச் செய்த மனிதர்களின் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. விலங்குகளின் பற்கள் சில மட்டும் தப்பின. உடலில் மிகக் கடினமானது பல்லின் மேல்பூச்சுதான். பழவேற்காட்டில் 17-ம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நாம் எலும்பைக் காட்சிக்கு வைப்பதில்லை, கரைத்துவிடுகிறோம்.

சஞ்சயனம் எனப்படும் எலும்பு சேகரிப்புக்குப் பெண்களை அழைத்துச் செல்லும் வழக்கம் பல குடும்பங்களில் இல்லை. அங்கே நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆச்வலாயன கிருஹ்ய சூத்திரம் முறையைச் சொல்கிறது: கால் பக்கம் தொடங்கித் தலைப் பக்கம் முடிய வேண்டும், கட்டை விரலாலும் மோதிர விரலாலும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், பாத்திரத்தில் போடும்போது சத்தம் வரக் கூடாது.