செய்தி எங்கே முடிகிறது?

'பலகை' என்ற சொல்லைத் தமிழ் வகுப்பில் பொதுமொழிக்கு எடுத்துக்காட்டாகப் படித்திருப்பீர்கள். சேர்த்துப் படித்தால் மரப்பலகை. 'பல கை' என்று பிரித்தால் பல கைகள். எழுத்துகள் மாறவில்லை; பிரித்த இடம்தான் மாறியது. இணையத்திலும் இத்தகைய குழப்பம் உண்டு. அங்கே அது திருட்டுக்கு வழியாகிறது.

ராஜபாளையத்தில் ஒருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவரும் ஒரே கடையின் இணையதளத்தில் பால்கோவா வாங்குவதாகக் கொள்வோம். அவர்களுடைய கோரிக்கைகளை முதலில் வாங்குவது முன் சர்வர். அது அவற்றை உள் சர்வருக்கு அனுப்புகிறது. நேரத்தை மிச்சப்படுத்த, பலருடைய கோரிக்கைகளும் ஒரே இணைப்பில் ரயில் பெட்டிகளைப்போல ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. அப்படியானால் ஒருவருடைய கோரிக்கை எங்கே முடிகிறது என்பதை உள் சர்வர் எப்படி அறியும்?

எச்.டி.டி.பி. 1.1 விதிமுறையில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, செய்தியின் நீளத்தை முன்னரே அறிவிப்பது. மற்றது, செய்தியைத் துண்டு துண்டாக அனுப்பி, 0 நீளமுள்ள துண்டினால் முடிவைக் காட்டுவது. ஒரே கோரிக்கையில் இரண்டையும் எழுதினால் என்ன ஆகும்? முன் சர்வர் முதல் வழியையும், உள் சர்வர் இரண்டாம் வழியையும் பின்பற்றுவதாக வைத்துக்கொள்வோம்.

'நீளம் 6' என்று அறிவித்துவிட்டு, 0, இரண்டு வரிமுறிவுகள், ஆங்கில எழுத்து எக்ஸ் ஆகியவற்றை ஒருவன் அனுப்புகிறான். ஒரு வரிமுறிவுக்கு 2 எழுத்துகள் கணக்கு. ஆகவே 1 + 4 + 1 = 6. முன் சர்வர் ஆறையும் அனுப்பிவிடும். உள் சர்வரோ 0-வையும் வரிமுறிவுகளையும் கண்டதும், ஐந்தாவது எழுத்துடன் செய்தி முடிந்தது என்று கொள்ளும். எஞ்சிய எக்ஸ், அடுத்து வரும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரின் கோரிக்கையுடன் ஒட்டிக்கொள்ளும். அவருடைய 'கெட்' என்ற கட்டளை 'எக்ஸ்கெட்' ஆகிவிடும். அப்படி ஒரு கட்டளையே இல்லாததால், ஒரு தவறும் செய்யாத அவருக்குப் பிழைச் செய்தி கிடைக்கும்.

ஓர் எழுத்துக்குப் பதிலாக முழுக் கட்டளையையே ஒளித்துவைத்தால் அடுத்தவரின் கோரிக்கை, அவரது அடையாளக் குறியுடன், திருடன் படிக்கக்கூடிய இடத்தில் பதிவாகிவிடலாம். இதுவே 'கோரிக்கைக் கடத்தல்'. திரையில் தெரியும் பூட்டுக் குறி இதைத் தடுக்காது. பயனரிடமிருந்து முன் சர்வர் வரையுள்ள பாதையைத்தானே அது காக்கிறது!

2005-இல் அமித் கிளைன் உள்ளிட்ட நால்வர் இந்த ஓட்டையை விளக்கி எழுதினர். பலரும் அதை மறந்திருந்த வேளையில், 2019-இல் ஜேம்ஸ் கெட்டில் என்பவர் பேபால் நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கத்திலேயே இது இருப்பதைக் கண்டறிந்து, நிறுவனத்திடம் தெரிவித்துப் பரிசும் பெற்றார். 2022-இல் வெளியான விதிநூலின்படி, இரண்டு வழிகளும் கலந்த கோரிக்கையைச் சர்வர் மறுத்துவிடலாம். ஏற்றால் துண்டு முறையில் மட்டுமே படிக்கலாம். எப்படியாயினும் பதில் தந்தவுடன் அந்த இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

தனித்தனியே சோதித்தால் இரண்டு சர்வர்களும் ஒழுங்காகவே வேலை செய்வதாகத் தோன்றும். அவை சேரும் இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது. எனவே சேர்த்துச் சோதிப்பதே சரியான சோதனை.

பிறருடைய சர்வரில் அனுமதியின்றி இதைச் செய்து பார்ப்பது சட்டத்திற்கு மாறானது. இந்தியாவில் இத்தகைய ஓட்டைகளைத் தெரிவிப்பதற்கு, 2004 முதல் இயங்கிவரும் செர்ட்-இன் அமைப்பு இருக்கிறது. உங்களுக்குத் தாளும் பென்சிலும் போதும். மேற்கண்ட கணக்கில் 'நீளம் 5' என்று அறிவித்திருந்தால் அந்த எக்ஸ் என்ற எழுத்தை இரு சர்வர்களும் எப்படிக் கொள்ளும்? எழுதிப் பாருங்கள்.