ராமின் முழு வேகம் கிடைக்கிறதா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் டிசைன் அறைகளில் பிரிண்ட் ஃபைல் திறக்கவே நேரமாகிறது என்றால் உடனே புது ராம் வாங்க ஓடாதீர்கள். 3200 என்று அச்சிட்ட டி.டி.ஆர்.4 ராம், மாட்டியவுடன் பெரும்பாலும் 2133, 2400 அல்லது 2666-இல்தான் ஓடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் இப்போதைய வேகம் தெரியும்.

குறைவாக இருந்தால், கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதே டெலிட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் சென்று ராமை அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை இயக்குங்கள். ஏ.எம்.டி. போர்டில் டி.டி.ஆர்.5 என்றால் அதன் பெயர் எக்ஸ்போ. விலை குறைந்த மதர்போர்டுகளிலும் கம்பெனி அசெம்பிள் செய்த பெட்டிகளிலும் இந்த வசதி இல்லாமல் போகலாம். அங்கே வேக ராமுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

இரண்டு ராம்களை ஜோடியாகவே வாங்குங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் பொதுவாக பிராசஸரிலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். வேகத்தைவிட இந்த ஜோடிதான் அதிகம் கைகொடுக்கும் என்பது என் கட்சி.

பயாஸில் மாற்றியபின் திரை வராவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து, போர்டிலுள்ள காசு வடிவ பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பழைய அமைப்பு திரும்பும். ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்தில் மட்டும் இதில் கை வைக்காதீர்கள்.