நிலத்தடியில் கரியமில வாயு: சட்டத்தின் முன் மூன்று கேள்விகள்

ஆலைகளும் மின் நிலையங்களும் வெளியிடும் கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, அழுத்தி, ஏறத்தாழ 800 மீட்டருக்கும் கீழுள்ள நுண்துளைப் பாறைகளில் செலுத்தி அடைத்து வைப்பதே கரிமச் சேமிப்பு எனப்படும். நார்வேயின் சிலைப்னர் எரிவாயு வயலில் இப்பணி 1996-இலேயே தொடங்கியது. ஆனால், இதற்கெனத் தனிச் சட்டத்தை மலேசிய நாடாளுமன்றம் 2025 மார்ச் மாதத்தில்தான் நிறைவேற்றியது. 870-ஆவது சட்டமான இது மூன்று கேள்விகளை எதிர்கொள்கிறது.

1. பாறை யாருக்குச் சொந்தம்?

எடுத்துக்காட்டாக, நெகிரி செம்பிலானின் லிங்கி வட்டாரத் தோட்டங்களைப் பார்ப்போம். செம்பனை நிற்கும் நிலத்திற்குத் தோட்ட நிறுவனத்திடம் பட்டா உண்டு. ஆயினும், தேசிய நிலச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நிலத்தை அனுபவிக்க நியாயமாகத் தேவைப்படும் ஆழம் வரைதான் உரிமை தருகிறது. ஒரு கிலோமீட்டர் ஆழத்துப் பாறை அதற்குள் அடங்கும் என்று வாதிடுவது கடினம். மேலும், நிலம் மாநில அரசின் அதிகாரத்திற்குட்பட்டது. எனவே, நிலப்பகுதியில் சேமிக்க மாநிலத்தின் இசைவும் வேண்டும். நம் நாட்டுத் திட்டங்கள் கடலடிப் பாறைகளையே பெரிதும் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். எண்ணெய், எரிவாயு தீர்ந்த வயல்கள் அங்கிருப்பது முதன்மைக் காரணம்.

2. எந்தச் சட்டம் செல்லும்?

870-ஆவது சட்டம் தீபகற்பத்திற்கும் லாபுவானுக்கும் மட்டுமே உரியது. சரவாக் 2022-இலேயே தனக்கெனத் தனி விதிகளை வகுத்துக்கொண்டது. ஆண்டுக்கு 33 இலட்சம் டன் வாயுவைப் பிடிக்கத் திட்டமிடப்பட்ட பெட்ரோனாஸின் கசாவாரி திட்டம் சரவாக் கடலில்தான் அமைகிறது. ஆக, ஒரே நாட்டில் இருவேறு சட்டங்கள்.

3. கசிந்தால் யார் பொறுப்பு?

இதுவே மிகக் கடினமான கேள்வி. நிறுவனத்தின் ஆயுள் சில பத்தாண்டுகள். வாயுவோ பல நூற்றாண்டுகள் பாறைக்குள் இருக்க வேண்டும். செலுத்தப்படும் வாயுவுக்கு நிறுவனங்களிடம் தீர்வை பெற்று, கிணறு மூடப்பட்ட பிந்திய கண்காணிப்புக்கு நிதியம் ஒன்றை அமைக்கச் சட்டம் வழிசெய்கிறது. அந்நிதியம் போதாவிட்டால் சுமை பொதுமக்கள் தலையில் விழும். பிற நாடுகளின் வாயுவையும் அனுமதி பெற்று இறக்குமதி செய்யலாம் என்பதால் இக்கவலை மேலும் வலுக்கிறது. சுற்றுச்சூழல் அமைப்புகள் இதைக் கேள்விக்குள்ளாக்கின.

தோட்டங்கள் கைமாறியபோதும் துண்டாடப்பட்டபோதும் நம்மவர் கற்ற பாடம் ஒன்றுண்டு. பொறுப்பு எழுத்தில் இல்லையென்றால், நிர்வாகம் போனபின் கேட்க ஆள் இருக்காது. மண்ணுக்கடியில் புதைப்பதற்கும் அப்பாடம் பொருந்தும். தீர்வை எவ்வளவு, கண்காணிப்பு எத்தனை ஆண்டு, இழப்பீடு யாரிடமிருந்து என்பனவற்றை விதிகளில் தேடிப் படிக்கும் பணி, சட்டமும் பொறியியலும் பயிலும் நம் மாணவர்களுக்குக் காத்திருக்கிறது.