படிக்க வந்த மாணவர்களும் சொல்லிக்கொடுத்த பெண்களும்



இந்த மாதப் பாடத்தில் நாம் ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டின் தலைநகரம் நைரோபிக்குப் போய் வருவோம். அங்கே கல்லூரி மாணவர்கள் ஒரு குடிசைப் பகுதிக்கு வளர்ச்சித் திட்டம் போட்டார்கள். அவர்களுக்கு விவரம் கொடுத்தவர்கள் அங்கேயே குடியிருக்கும் மக்கள். அதில் நம்மைப் போலச் சேமிப்புக் குழு நடத்தும் பெண்கள் நிறையப் பேர். நமக்கும் இதில் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

மாத்தாரே என்னும் இடம்

நைரோபியின் மையத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பள்ளத்தாக்கு. அதன் பெயர் மாத்தாரே. ஆற்றை ஒட்டித் தகரக் கொட்டகை வீடுகள் நெருக்கமாக நிற்கும். நகரத்துக்குள் இருந்தாலும் அதன் பகுதிகளை மக்கள் 'கிராமம்' என்றுதான் சொல்கிறார்கள். அப்படி 13 கிராமங்கள்.

நகராட்சியின் பழைய வரைபடங்களில் இப்படிப்பட்ட இடங்கள் பெரும்பாலும் காலி இடமாகத்தான் இருக்கும். வரைபடத்தில் இல்லாத வீட்டுக்குக் குழாய் வராது, சாக்கடை வராது. புல்டோசர் மட்டும் வரும். வீடு இடிப்பதை எதிர்த்து நைரோபிக் குடிசை மக்கள் 1996இல் 'முங்கானோ வா வனவிஜிஜி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சுவாஹிலி மொழியில் கிராமத்தார் ஒன்றியம் என்று பொருள். பின்னால் இதற்குள் சேமிப்புக் குழுக்கள் வளர்ந்தன. சேமிப்போடு வீடு வீடாகக் கணக்கெடுக்கும் வேலையையும் மக்களே செய்தார்கள்.

இந்தக் கணக்கெடுக்கும் வழக்கத்துக்கும் நம் நாட்டுக்கும் சொந்தம் உண்டு. மும்பையில் நடைபாதையில் வாழ்ந்த மக்களை 1985இல் கணக்கெடுத்தார்கள். மறு வருஷம் அந்தப் பெண்கள் 'மகிளா மிலன்' என்ற சேமிப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களோடு சேர்ந்து உழைத்தவர் ஜாக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 2000ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றவர், 2018இல் காலமானார். மும்பையில் கற்றது பல நாட்டுக் குடிசை மக்களின் கூட்டமைப்பு வழியாக ஆப்பிரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது.

மாணவர்கள் செய்தது என்ன?

நைரோபி பல்கலைக்கழகத்தின் நகரமைப்பு மாணவர்களும், அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக (பெர்க்லி) மாணவர்களும் ஆசிரியர்களோடு மாத்தாரேக்கு வந்தார்கள். முங்கானோ உறுப்பினர்களோடு சேர்ந்து சந்து சந்தாக நடந்தார்கள். எந்த வழியில் சாக்கடை ஓடுகிறது, எங்கே குழாய், எத்தனை கழிப்பறை, அதில் எத்தனை பூட்டிக் கிடக்கிறது என்று குறித்தார்கள். இந்த வேலையிலிருந்து 2011, 2012 ஆண்டுகளில் மாத்தாரே முழுவதற்குமான மேம்பாட்டுத் திட்டம் உருவானது.

மாணவர்களுக்கு அளக்கத் தெரியும், படம் வரையத் தெரியும். ஆனால் எல்லாவற்றையும் நாடா வைத்து அளந்துவிட முடியுமா? கழிப்பறையை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து 50 மீட்டரில் பொதுக் கழிப்பறை இருக்கிறது என்று வரைபடம் காட்டும். பரவாயில்லையே, பக்கம்தானே என்று தோன்றும். அங்கே குடியிருக்கும் பெண்ணைக் கேட்டால் வேறு பதில் வரும். பகலில் அது 50 மீட்டர். ராத்திரி விளக்கில்லாத சந்தில், வழிமறிப்பார்களோ என்ற பயத்தில், அது போகவே முடியாத தூரம். நைரோபிக் குடிசைப் பகுதிகளில் கழிப்பறைக்குப் போகும் வழியில் பெண்கள் தாக்கப்படுவதை 2010இல் அம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு அறிக்கையாகவே வெளியிட்டது. பயந்துகொண்டு வீட்டுக்குள்ளேயே பிளாஸ்டிக் பையில் கழித்து வெளியே எறிவார்கள். இதற்கு அங்கே 'பறக்கும் கழிப்பறை' என்று பெயர்.

ஆகவே கழிப்பறை எத்தனை என்று மட்டும் கேட்டால் போதாது. யார் போக முடியும், எந்த நேரம் போக முடியும், ஒரு தடவைக்கு எவ்வளவு காசு என்றும் கேட்க வேண்டும். இதைச் சொல்லத் தெரிந்தவர் அங்கே வாழும் பெண்தான்.

தண்ணீர்க் கணக்கு

இப்போது நோட்டை எடுங்கள், ஒரு கணக்குப் போடுவோம். தண்ணீர் விற்பவரிடம் 20 லிட்டர் கேன் 5 ஷில்லிங் என்று வைத்துக்கொள்வோம். 1000 லிட்டருக்கு 50 கேன். அப்படியானால் 250 ஷில்லிங். 2015இல் நைரோபி தண்ணீர் கம்பெனி மாத்தாரேயில் கார்டு வைத்துத் தண்ணீர் பிடிக்கும் இயந்திரங்களை வைத்தது. அதில் 20 லிட்டர் அரை ஷில்லிங். 1000 லிட்டருக்கு 25 ஷில்லிங்தான். அதே தண்ணீர், பத்தில் ஒரு பங்கு விலை.

'ஏழைகளால் காசு கட்ட முடியாது, அதனால் குழாய் போடவில்லை' என்று அதிகாரிகள் சொல்வது உண்டு. கணக்கைப் பார்த்தால், குழாய் இல்லாத ஏழைதான் அதிகம் கட்டுகிறார். நைரோபியின் இன்னொரு பெரிய குடிசைப் பகுதி முக்குரு. அங்கே ஆய்வு செய்தவர்கள் இதற்கு 'ஏழ்மைக்கு அபராதம்' என்றே பெயர் வைத்தார்கள். வசதியான பகுதிக்காரர்களைவிட முக்குரு மக்கள் தண்ணீருக்கும் கரண்டுக்கும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று கண்டார்கள்.

பத்து வீடு ஒரு குழு

முக்குருவில் சுமார் ஒரு லட்சம் குடும்பங்கள். 2017இல் நைரோபி மாவட்ட அரசு அதைச் 'சிறப்புத் திட்டப் பகுதி' என்று அறிவித்தது. பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்கள் என்று 40க்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்தன. ஒரு லட்சம் குடும்பத்தையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைக்க முடியுமா? அதனால் 10 வீட்டை ஒரு குழு ஆக்கினார்கள். அப்படி 10 குழு, அதாவது 100 வீடு, அடுத்த படி. அதற்கு மேல் பெரிய பகுதிகள். குழு, ஊராட்சி, வட்டாரம் என்று நம் கூட்டமைப்பு நிற்கிறதே, அதே முறைதான்.

சாலை விஷயத்தில் ஒரு சிக்கல் வந்தது. விதிப்படி அகலமான சாலை போட்டால் ஏகப்பட்ட வீடுகள் போய்விடும். யாருக்காகத் திட்டமோ அவர்களையே வெளியேற்றிவிட்டு யாருக்குச் சாலை? ஆகவே வீடுகள் தப்பும்படி அகலத்தைக் குறைத்துத் திட்டம் போட்டார்கள்.

திட்டம் போட்டால் போதுமா?

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020 முதல் முக்குருவில் சாலையும் குழாயும் சாக்கடையும் வந்தன. ஆனால் 2021 கடைசியில், முக்குரு குவா ஞெங்கா என்ற பகுதியில், ஒரு இணைப்புச் சாலைக்காக வீடுகளை இடித்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. மாத்தாரேயில் 2024 ஏப்ரலில் வெள்ளம் வந்து உயிர்கள் போயின. அடுத்த மாதமே ஆற்றங்கரை வீடுகளை அரசு இடித்தது.

அப்படியானால் உழைத்தது எல்லாம் வீணா? இல்லை என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். வீட்டுக்கு வீடு எடுத்த கணக்கு கையில் இருந்தால், 'இங்கே யாரும் இல்லை' என்று எவரும் சொல்ல முடியாது. கென்யாவின் 2010 அரசியல் சட்டம் 43ஆம் பிரிவில் வீடும் சுகாதாரமும் சுத்தமான தண்ணீரும் உரிமை என்கிறது. அந்த உரிமையைக் கேட்க இந்தக் கணக்குதான் ஆதாரம். ஆனால் திட்டப் புத்தகம் தானாகக் காவல் நிற்காது. மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விடுவார்கள், அதிகாரிகள் மாறிவிடுவார்கள். அங்கேயே இருப்பவர்கள் பெண்கள்தான். அவர்கள் கூடிக்கொண்டே இருந்தால்தான் திட்டத்துக்கு உயிர்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் ஊரில் ராத்திரி நேரம் பெண்கள் போகப் பயப்படும் இடம் எது? அது எந்தப் பதிவேட்டிலாவது இருக்கிறதா?

2. தண்ணீருக்கு ஒரு மாதம் செலவாகும் பணம், நேரம் எவ்வளவு? ஒவ்வொருவரும் சொல்ல, ஒருவர் நோட்டில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

3. நம் ஊருக்கு யாராவது படிவத்தோடு கணக்கெடுக்க வந்தால், அதன் நகல் ஒன்று நம் குழுவுக்குக் கிடைக்கிறதா? இல்லையென்றால் அடுத்த தடவை கேட்டு வாங்கத் தீர்மானம் எழுதுங்கள்.